தூண் வாங்குவதற்கு முன்

சொந்த வீடு கட்டப் போகிறீர்களா? ஒரு காரியம் செய்யுங்கள். ஐப்பசியில் ஒரு நாள் நல்ல மழை பிடித்துக்கொண்டதும் குடையை எடுத்துக்கொண்டு புதுக்கோட்டையில் திருமயம் பஸ் ஏறுங்கள். அங்கிருந்து கடியாபட்டியோ ராயவரமோ அரிமளமோ, எந்த ஊருக்குப் போனாலும் சரி. (செட்டிநாடு என்றால் காரைக்குடியும் கானாடுகாத்தானும்தான் என்று நினைப்பவர்களுக்கு: இந்த ஊர்கள் இருப்பது புதுக்கோட்டை மாவட்டத்தில்.) ஏதாவது ஒரு பெரிய வீட்டின் எதிரே நின்று, மழைத் தண்ணீர் எங்கே விழுகிறது, எங்கே போகிறது என்று பத்து நிமிஷம் பாருங்கள். கொத்தனாரை அதற்கப்புறம் கூப்பிடலாம்.

வெயில் நாளில் எல்லா வீடும் அழகுதான். மழையில்தான் வீட்டின் வண்டவாளம் தெரியும்.

என் அக்கா மகன் போனது நல்ல வெயிலில். பார்த்தது தூண்களை. புதுக்கோட்டைக்கு வெளியே மூன்று சென்ட் மனையில் 900 சதுர அடி வீடு. பேங்க் லோன், 20 வருஷத் தவணை. கிரகப்பிரவேசத்துக்குப் போனபோது வாசலில் இரண்டு மரத்தூண்கள், மேலே காங்கிரீட் தளம்.

‘‘பர்மா தேக்கு, மாமா! பழைய வீட்டைப் பிரிச்ச மரம். காரைக்குடியில பிடிச்சேன்.’’

‘‘எதைத் தாங்குது மாப்ளே?’’

‘‘எதையும் தாங்கலை. சும்மா, லுக்குக்கு.’’

சாப்பாடு நன்றாக இருந்ததால் மேற்கொண்டு பேசவில்லை. கார்த்திகையில் அக்காவிடமிருந்து போன். ‘‘தம்பி, ஹால் சுவர்ல ஓதம் ஏறுதுடா. ஜன்னல்ல சாரல் அடிச்சுக் கட்டில் நனையுது. மாடியில வேற ஒரு இடத்துல சொட்டுது.’’

போய்க் கணக்கைப் பார்த்தேன். தூணும் ஆத்தங்குடி டைல்ஸுமாக ஒரு லட்சத்துக்கு மேல். அதைச் சரிக்கட்ட மூன்று இடத்தில் கை வைத்திருக்கிறான். பேஸ்மென்ட் உயரத்தில் ஒரு அடி குறைத்தாயிற்று. ‘எலிவேஷனைக் கெடுக்குது’ என்று சன்ஷேடை எடுத்தாயிற்று. முகூர்த்தம் நெருங்கியதால் தளத்துக்குத் தண்ணீர் கட்டியது நாலே நாள். செட்டிநாட்டு வீட்டின் தூணை வாங்கி, செட்டிநாட்டு வீட்டை விட்டுவிட்டான்.

அவன் மட்டுமில்லை. இன்று ‘செட்டிநாடு ஸ்டைல்’ என்று கட்டப்படும் வீடுகளில் பாதி இந்த ரகம்தான். போட்டோவில் விழுவதை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். போட்டோவில் விழாத மூன்று விஷயங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, உயரம். அந்த வீடுகளில் தெருவிலிருந்து படியேறித்தான் திண்ணைக்கே போக முடியும். கௌரவம் ஒரு காரணமாக இருக்கலாம். தெருத் தண்ணீர் படியேறாது என்பது நிச்சயமான காரணம். இன்று நமக்கு இன்னொரு வில்லன் உண்டு: ரோடு. பழையதைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டுக்கொண்டே போவார்கள். ஆகவே பேஸ்மென்டை இன்றைய ரோட்டிலிருந்து அளக்காதீர்கள். பத்து வருஷம் கழித்து வரப்போகிற ரோட்டிலிருந்து அளந்துகொள்ளுங்கள். பேஸ்மென்ட் முடிந்து சுவர் எழும்புமுன் ஈரத்தடுப்புப் பூச்சு ஒன்று போடவேண்டும். செலவு சொற்பம். விட்டுவிட்டால், அப்புறம் எந்தப் பெயின்ட் அடித்தாலும் ஓதம் நிற்காது.

இரண்டாவது, தண்ணீரின் பாதை. நாட்டு ஓட்டுச் சரிவில் இறங்கும் மழை சுவரில் படாமல் தள்ளி விழுகிறது. உள்ளே வளவு முற்றத்தில் விழுவதை அண்டாவில் பிடித்துக்கொண்டார்கள். மிச்சம் வடிகால் வழியே வெளியேறும். 2003-ல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்க வேண்டியிருந்தது. அப்போதும் பல வீடுகளில் பைப் மட்டும் வைத்தார்கள். அது எங்கே போய் முடிகிறது என்று பைப்புக்கே தெரியாது! உங்கள் பிளானில் அறைகளை வரையுமுன் தண்ணீர் போகும் வழியை ஒரு கோடு போட்டு வரையுங்கள். ஜன்னலுக்கு இரண்டடி சன்ஷேடு வையுங்கள். அழகு தானாக வரும்.

சாய்கூரை என்றதும் தகர ஷீட்டை நீளமாக வெளியே நீட்டுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2018 நவம்பர் 16-ம் தேதி கஜா புயல் இந்த மாவட்டத்தைப் புரட்டிப் போட்டபோது எத்தனையோ வீடுகளின் ஷீட்டுகள் காகிதம் மாதிரி பறந்தன. காற்று இறவாணத்துக்கு அடியில் புகுந்துதான் கூரையைத் தூக்கும். கூரையைச் சட்டத்தோடும், சட்டத்தைச் சுவரோடும் போல்ட் போட்டு இறுக்காமல் நீட்டாதீர்கள்.

மூன்றாவது, பொறுமை. கிளிஞ்சல் சுண்ணாம்பு, கடுக்காய், முட்டை வெள்ளைக்கரு என்று அந்தச் சுவர்ப் பூச்சைப் பற்றி எல்லோரும் பேசுவோம். முட்டையைவிட முக்கியம், ஒவ்வொரு பூச்சுக்கும் அவர்கள் கொடுத்த நாட்கள். இன்று சிமென்ட்டுக்கு மாறிவிட்டோம். சிமென்ட் காய்ந்து இறுகுவதாக நம்மில் பலர் நினைக்கிறோம். இல்லை. தண்ணீரோடு சேர்ந்து வேதிவினை நடந்துதான் இறுகுகிறது. சாதாரண சிமென்ட்டுக்குக் குறைந்தது 7 நாள் ஈரம் வேண்டும். சாம்பல் கலந்த பிபிசி சிமென்ட் என்றால் 10 நாள்; 14 நாள் உத்தமம். இந்தியத் தர நிர்ணயமே சொல்வது இது. நம்மூர் வெயிலுக்கு எந்த சிமென்ட்டானாலும் 10 நாளுக்குக் குறையக் கூடாது. நாலு நாளில் பாத்தியை உடைத்தால் தளம் சொட்டத்தான் செய்யும். கலவையில் மட்டும் கொத்தனார் தாராளமாகத் தண்ணீர் ஊற்றுவார், வேலை சுலபமாக ஓடும் என்று. எம்20 கலவைக்கு 50 கிலோ மூட்டைக்கு 30 லிட்டர்தான் உச்சவரம்பு. ஒரு பக்கெட்டில் கோடு போட்டுக் கொடுத்துவிடுங்கள். கோபித்துக்கொள்வார், பரவாயில்லை.

இதுவரை சொன்னது பாராட்டு. குறையும் உண்டு. அது நமக்கு இன்னும் பெரிய பாடம்.

அந்த வீடுகள் இந்த ஊர் வருமானத்தில் எழும்பியவை அல்ல. பர்மா, இலங்கை, மலேயா என்று கடல் கடந்து வந்த பணம். 1942-ல் ஜப்பான் படை பர்மாவுக்குள் நுழைந்ததும் அந்தப் பணத்தின் பெரிய ஊற்று அடைபட்டது. வீடுகள் மட்டும் அதே அளவில் நின்றன. ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள். ஆளுக்கொரு ஊரில் வேலை. ஓடு ஒன்று சரிந்தால் மாற்ற ஆள் இல்லை. ஒரு மழைக்காலம் தண்ணீர் இறங்கினால் உத்தரம் இற்றுப்போகும். பராமரிக்க முடியாமல் பல வீடுகளைப் பிரித்தார்கள். நிலை, கதவு, தூண் எல்லாம் பழம்பொருள் கடைக்குப் போயின. 2014-ல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம் பிடித்தன. பட்டியல் வந்து ஓடு மாற்றிக் கொடுக்குமா?

என் மருமகன் வாங்கிய தூண் அப்படி வந்ததுதான். ‘எந்த வீட்டுத் தூண்?’ என்று கேட்டானே தவிர, ‘அந்த வீடு ஏன் விழுந்தது?’ என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால், உங்களால் பழுது பார்க்க முடிகிற அளவுக்குத்தான் வீடு கட்டவேண்டும் என்று அந்தத் தூணே சொல்லியிருக்கும்.

இன்னொரு குறை. முகப்பும் பெரிய ஹாலும் ஆண்களுக்கு. பெண்களின் பொழுதெல்லாம் பின்கட்டில், அடுப்புப் புகையில். இதை மட்டும் நாம் நன்றாகவே காப்பியடித்திருக்கிறோம். போர்ட்டிகோ பத்துக்குப் பன்னிரண்டு, சமையலறை ஏழுக்கு எட்டு. அக்கா அதில் திரும்பினால் முழங்கை இடிக்கிறது.

பழசிலிருந்து எடுத்துக்கொள்வது தப்பா? இல்லை. எடுக்கும் விதம் இருக்கிறது. லாரி பேக்கர் (1917-2007) இங்கிலாந்தில் படித்த ஆர்க்கிடெக்ட். இமயமலை கிராமங்களில் வாழ்ந்தபோது அங்குள்ளவர்கள் எப்படிக் கட்டுகிறார்கள் என்று பார்த்துக் கற்றுக்கொண்டார். கேரளாவுக்கு வந்ததும் மலை வீட்டை அங்கே நகலெடுக்கவில்லை. பக்கத்தில் என்ன கிடைக்கிறது, இது தேவையா என்ற இரண்டு கேள்விகளை மட்டும் கொண்டுவந்தார். செங்கலைச் செங்குத்தாக நிறுத்தி நடுவில் இடைவெளி விடும் ‘எலிப்பொறிக் கட்டு’ முறையில் ஏறக்குறைய கால்வாசிச் செங்கல் மிச்சமாகும்; வெயிலும் உள்ளே குறையும். ஆனால் கற்கள் ஒரே அளவாக இருக்கவேண்டும், வேலை தெரிந்த கொத்தனார் வேண்டும். இல்லையென்றால் வம்பு.

மருமகன் வீட்டுக்கு வருவோம். பழுது பார்த்தோம். ஜன்னல்களுக்கு சன்ஷேடு வந்தது. மொட்டை மாடிக்கு வாட்டம் சரிசெய்து மறுபடி தட்டோடு பதித்தோம். வாசல் பக்கம் சாய்வாக ஓடு போட்டுத் தாழ்வாரம் இறக்கி, அந்த இரண்டு தூண்களையும் அதன் கீழே நிறுத்தினோம். இப்போது அவை எதையோ தாங்குகின்றன.

பேஸ்மென்டை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அதன் உயரம் அன்றைக்கு வைத்ததுதான். ஒவ்வொரு கார்த்திகையிலும் பீரோவைச் சுவரிலிருந்து நகர்த்துகிறாள் அக்கா.

ஆகவே, எஸ்டிமேட் கைக்கு வந்ததும் அதை இரண்டாகப் பிரியுங்கள். பிற்பாடு மாற்ற முடியாதவை ஒரு பக்கம்: அஸ்திவாரம், உயரம், தளம், தண்ணீர் போகும் வழி. மாற்றக்கூடியவை மறுபக்கம்: டைல்ஸ், பெயின்ட், கதவு வேலைப்பாடு, தூண். முதல் பக்கத்தில் ஒரு ரூபாய்கூடக் குறைக்காதீர்கள். மிச்சமிருந்தால் மறுபக்கம் வாருங்கள். காரைக்குடியில் தூண் எங்கேயும் போய்விடாது.