எழுத்தென்று எண்ணாத எழுத்து

அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2008-இல் ஒரு கணக்கை வெளியிட்டது. 12 முதல் 17 வயதுவரை உள்ள 700 பிள்ளைகளைக் கேட்டதில், தாங்கள் அனுப்பும் குறுஞ்செய்தி, மின்னஞ்சல், அரட்டை எதையும் எழுத்தாகவே நினைக்கவில்லை என்று 60 விழுக்காட்டினர் சொல்லியிருந்தார்கள். நாள் முழுக்கத் தட்டிக்கொண்டே இருக்கிறார்கள். ஆனால் எழுத்து என்றால் ஆசிரியர் மதிப்பெண் போடுவது மட்டும்தான்.

ஆய்வாளர்களும் முதலில் கேட்டது, இது மொழியைக் கெடுக்கிறதா என்பதைத்தான். அதே 2008-இல் சாலி டாக்லியமான்டேயும் டெரக் டெனிஸும் டொரன்டோவில் 72 இளையோரின் உடனடி அரட்டைகளை, பத்து லட்சம் சொற்களுக்கு மேல், அலசினார்கள். எல்லோரும் தலையில் அடித்துக்கொண்ட ‘லால்’ முதலிய சுருக்கங்கள் அதில் 2.4 விழுக்காடுதான். இங்கிலாந்தின் கவன்ட்ரியில் பெவர்லி பிளெஸ்டரும் கிளேர் வுட்டும் 10–12 வயதுச் சிறுவர்களிடம் பார்த்ததோ இன்னும் வேடிக்கை: குறுஞ்செய்திச் சுருக்கங்களில் கெட்டிக்காரப் பிள்ளைகள் வாசிப்பிலும் முன்னே நின்றார்கள். மொழியைக் கெடுக்கிறது என்ற வழக்கில் விடுதலை கிடைத்தது, சரி. ஆனால் அந்தப் பிள்ளைகள் என்னதான் எழுதினார்கள் என்று வழக்கை நடத்திய எவரும் பெரிதாகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

தமிழில் கதை வேறு. உஸ்மானியா பல்கலைக்கழகமும் ஆங்கில, அயல்மொழிப் பல்கலைக்கழகமும் அக்கம்பக்கமாக இருக்கும் ஹைதராபாத்தின் தார்நாகாவில், ஒரு தமிழ்க் குடும்பத்துப் பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும். தெலங்கானாவின் 2018-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தெலுங்கும் கட்டாயம். தமிழ் எழுத்து அவளுக்குத் தெரியாது. ஆனாலும் சென்னையில் இருக்கும் அத்தை மகளுக்கு “சாப்டியா, அந்த மிஸ் இன்னிக்கும் கத்துனாங்க” என்று ஆங்கில எழுத்தில் தமிழ்தான் தட்டுகிறாள். ழகரம் வரும் இடத்தில் ஒரு நாள் ‘இசட் எச்’, மறுநாள் வெறும் ‘எல்’. பேச்சுத்தமிழுக்குத் தமிழ்நாட்டுக் கட்டுரை நோட்டிலேயே இடம் இல்லாதபோது, இவள் அதில் வீட்டுக் கோபத்தையும் வகுப்பு வம்பையும் எழுதிப் பழகுகிறாள். மொழியியலாளருக்கு இது புதையல்.

புதையலைத் தோண்டியவர்கள் கணினிக்காரர்கள். 2020-இல் பாரதி ராஜா சக்கரவர்த்தி முதலானோர் தமிழும் ஆங்கிலமும் கலந்த 15,744 யூடியூப் பின்னூட்டங்களைத் திரட்டித் தொகுப்பாக்கினார்கள். பயனுள்ள வேலைதான். ஆனால் அவை பெரும்பாலும் திரைப்பட முன்னோட்டங்களுக்குக் கீழே எழுதப்பட்டவை. எழுதியவரின் வயதும் தெரியாது. பாராட்டா, வசவா என்று எந்திரம் பிரித்துவிடும். அத்தை மகளுக்குப் போன செய்தி அங்கே அகப்படாது.

இந்தியாவில் மதிப்பெண்ணுக்காக இல்லாத இளையோர் எழுத்தை எழுத்தாகவே மதித்துப் படித்த முயற்சி என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது டில்லியின் சைபர்மொஹல்லா. சராய் என்ற ஆய்வு அமைப்பும் அங்குர் என்ற கல்வி அமைப்பும் சேர்ந்து 2001-இல் எல்.என்.ஜே.பி. குடிசைப்பகுதியில் ‘கம்ப்யூகர்’ என்ற கணினி அறையைத் திறந்தன. பதின்பருவத்தினரும் இளைஞர்களும் அங்கே தங்கள் சந்தையும் தெருவும் வீடும் பற்றி நாட்குறிப்புப் போல எழுதினார்கள். ஒருவர் படிக்க மற்றவர்கள் கேட்டார்கள். அதன்மேல் பேச்சு வளர்ந்தது. எழுத்தைத் திருத்த அங்கே சிவப்பு மை இல்லை. ‘இபாரத்’ என்ற சுவரிதழும் வந்தது. யமுனைக் கரையின் நங்லா மாஞ்சிக் குடியிருப்பு 2006-இல் இடிக்கப்பட்டபோது, அங்கிருந்தவர்கள் அதையும் எழுதினார்கள். அந்த எழுத்துகளில் ஒரு பகுதி இந்தியில் 2007-இலும், ‘டிரிக்ஸ்டர் சிட்டி’ என்று ஆங்கிலத்தில் 2010-இலும் நூலாயிற்று. இடிப்பின் வரலாற்றை எழுத வருபவர் இந்தப் புத்தகத்தைத் தாண்டிப் போக முடியாது.

தார்நாகாவில் இப்படி ஒன்றைத் தொடங்க நினைப்பவர் முதலில் முட்டிக்கொள்வது 2023-ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது அது. நல்லதுதான், ஆனால் அந்த அரட்டையைப் பெற்றோர் பார்க்கக் கூடாது என்பதுதானே அந்தப் பெண்ணின் முதல் நிபந்தனை! பெற்றோரின் கையெழுத்தை வாங்கிக்கொண்டு, எதை வெளியே விடுவது என்ற முடிவை அவளிடமே விடுகிற ஏற்பாடு வேண்டும்.