நெடுந்தொடரின் முற்கோள்களும் பார்வையாளர் இழப்பும்: ‘டாக்டர் ஹூ’ தொலைக்காட்சித் தொடரை முன்வைத்து

1. முன்னுரை

‘டாக்டர் ஹூ’ என்னும் அறிவியல் புனைவுத் தொடரைப் பிரித்தானியாவின் பி.பி.சி. நிறுவனம் 1963 நவம்பர் 23ஆம் நாள் தொடங்கியது. 1989 டிசம்பர் 6 வரை அது 26 பருவங்களாக ஒளிபரப்பாயிற்று. 1996இல் ஒரு தொலைக்காட்சித் திரைப்படம் மட்டும் இடையே வெளிவர, 2005 மார்ச் 26 முதல் தொடர் மீண்டும் உயிர்பெற்றது. காவல்துறைத் தொலைபேசிப் பெட்டியின் வடிவிலமைந்த ஒரு கலத்தில் காலத்தையும் வெளியையும் கடந்து செல்லும் ‘டாக்டர்’ இதன் தலைவர். உடல் அழியும் நிலையில் அவர் வேற்றுருக் கொள்வார் என்ற விதியால், நடிகர் மாறினும் தொடர் மாறாது நிலைபெற்றது.

இத்தொடர் தன் வாழ்நாளில் பன்முறை பார்வையாளரை இழந்துள்ளது. ஒளிபரப்பு நேரம், போட்டி அலைவரிசை, செலவுக் குறைப்பு, நடிகர் தேர்வு ஆகியன இதற்குக் காரணங்களாகப் பலராலும் கூறப்படுகின்றன. இவை புறக்கணிக்கத்தக்கன அல்ல. எனினும் தொடரின் மொழிக்குள்ளேயே அமைந்த ஒரு காரணம் போதிய அளவு கவனிக்கப்படவில்லை. நீண்ட தொடர் ஒன்று பேசும் ஒவ்வொரு வாக்கியமும், கேட்போர் முன்னரே அறிந்திருப்பதாகக் கொள்ளும் செய்திகளைச் சுமக்கிறது. மொழியியலார் முற்கோள் எனக் குறிப்பிடும் இச்சுமையைத் தொடர் எவ்வாறு கையாண்டது என்பதையும், அதற்கும் பார்வையாளர் இழப்புக்கும் உள்ள உறவையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

2. சொற்றொகுதியின் மெதுவான வளர்ச்சி

லக்னோவில் பிறந்த வாரிஸ் ஹுசைன் இயக்கிய முதற்பகுதியில், சூசன் என்னும் மாணவியின் போக்கில் ஐயுற்ற ஆசிரியர் இருவர் அவளைப் பின்தொடர்ந்து பழம்பொருள் கிடங்கு ஒன்றை அடைகின்றனர். அவர்தம் அறியாமையும் பார்வையாளரின் அறியாமையும் ஒன்றே. ஆசிரியர் வினவ, சூசன் விடை கூறுகிறாள். ‘டார்டிஸ்’ என்ற கலத்தின் பெயர் முதலெழுத்துகளைக் கோத்துத் தான் அமைத்தது என்பதையும் அவளே விளக்கிவிடுகிறாள். புதுச்சொல்லும் அதன் பொருளும் ஒரே உரையாடலில் தரப்படுகின்றன.

இதனினும் கருதத்தக்கது, தொடரின் கலைச்சொற்கள் தோன்றிய கால முறையாகும். டாக்டரின் இனத்தைக் குறிக்கும் ‘டைம் லார்ட்’ என்ற பெயர் 1969இல், ‘தி வார் கேம்ஸ்’ கதையில்தான் இடம்பெறுகிறது. அவருடைய கோளாகிய ‘கேலிஃப்ரே’ 1973இல் பெயர் பெறுகிறது. உருவ மாற்றம் 1966இலேயே நிகழ்ந்துவிட்டபோதிலும், அதற்கு ‘ரீஜெனரேஷன்’ என்ற கலைச்சொல் 1974இல்தான் வழங்கப்பட்டது. அதுவரை ‘புதுப்பிக்கப்பட்டேன்’ என்பது போன்ற பொதுவழக்குச் சொற்களே போதுமானவையாக இருந்தன. அதாவது, முதற் பத்தாண்டில் தொடர் நிகழ்வை முதலிற் காட்டிப் பெயரைப் பின்னர்த் தந்தது.

இம்முறையின் சிறப்பை மொழிபெயர்ப்பாளர் எளிதில் உணர்வர். பொதுவழக்குச் சொல்லைத் தமிழாக்குதல் எளிது. கலைச்சொல்லைத் தமிழாக்கும்போதே இடர் எழுகிறது. ‘ரீஜெனரேஷன்’ என்பதை மறுபிறப்பு எனக் கொண்டால் வினைப்பயனும் வீடுபேறும் உடன்வந்து நிற்கும். மீளுருவாக்கம் எனக் கொண்டால் உரையாடல் உயிரியல் பாடநூலாகிவிடும். நிகழ்வைக் கண்டு பழகிய பார்வையாளர்க்கு இவ்விரண்டில் எதுவும் பொருந்தும். நிகழ்வைக் காணாதவர்க்கோ இரண்டும் பயன்படா.

3. முற்கோளின் சுமை

‘அவன் வந்தான்’ என்னும் வாக்கியம் ஒரு செய்தியை மட்டும் அறிவிக்கிறது. ‘அவன் மீண்டும் வந்தான்’ என்பது முன்பு ஒருமுறை வந்தான் என்பதையும், ‘அவனும் வந்தான்’ என்பது வேறொருவர் வந்தமையையும் கேட்போர் அறிந்ததாகக் கொள்கின்றன. ‘அந்த’ என்னும் சுட்டும் இத்தன்மையதே. தொடர் முதுமையடைய முதுமையடைய, ‘மீண்டும்’, ‘உம்’, ‘அந்த’ ஆகியவற்றின் ஆட்சி பெருகுகிறது. புதுச்செய்தியாக அறிவிக்கப்பட வேண்டியது, அறிந்த செய்தியின் வடிவில் வழங்கப்படுகிறது.

1985 சனவரியில் ஒளிபரப்பான ‘அட்டாக் ஆஃப் தி சைபர்மென்’ இதற்குத் தக்க சான்றாகும். இக்கதை 1963ஆம் ஆண்டின் பழம்பொருள் கிடங்கைக் காட்டுகிறது. 1966ஆம் ஆண்டுக் கதையில் அழிந்த மோண்டாஸ் கோளைக் காக்கும் முயற்சியை மையமாகக் கொள்கிறது. 1967ஆம் ஆண்டு ‘தி டூம் ஆஃப் தி சைபர்மென்’ கதையின் கல்லறைகளுக்குச் செல்கிறது. 1984இல் தோன்றிய லிட்டன் என்பவரையும் மீண்டும் கொணர்கிறது. இரண்டு பகுதிகளே கொண்ட கதை ஒன்று நான்கு பழங்கதைகளின் மேல் நிற்கிறது.

இங்கு ஓர் அவலமும் உண்டு. பி.பி.சி. தன் பழைய ஒளிப்பதிவுகள் பலவற்றை அழித்துவிட்டது. மேற்சுட்டிய 1967ஆம் ஆண்டுக் கதை 1985இல் எந்தக் காப்பகத்திலும் இருப்பதாக அறியப்படவில்லை. 1991இல்தான் அதன் படிகள் ஹாங்காங்கிலிருந்து மீண்டன. ஆகவே 1985இன் பார்வையாளர் விரும்பியிருந்தாலும் அதனைப் பார்த்திருக்க இயலாது. மறைந்துபோன நூல்களின் பெயர்கள் உரைகளில் மட்டும் எஞ்சி நிற்பதைத் தமிழ் ஆராய்ச்சியாளர் அறிவர். ஆயின் பழைய உரையாசிரியர் அந்நூல்களை மேற்கோளாகவே காட்டினர். கதையின் திருப்பத்தை அவற்றின் மேல் ஏற்றவில்லை.

அவ்வாண்டே தொடர் 18 மாதங்கள் நிறுத்திவைக்கப்பட்டது. 1986இல் அது 14 பகுதிகள் கொண்ட ஒரே வழக்கு விசாரணைக் கதையாக மீண்டு வந்தது. டாக்டர்மீது குற்றம் சாட்டும் வழக்குரைஞர், டாக்டரின் பன்னிரண்டாம் உருவுக்கும் இறுதி உருவுக்கும் இடையே அவருடைய தீய கூறுகளிலிருந்து தோன்றியவரே என்பது அதன் உச்சகட்டச் செய்தி. ‘இறுதி உரு’ என்னும் தொடர், உருமாற்றத்துக்கு ஓர் எல்லை உண்டு என்ற முற்கோளை உடையது. அவ்வெல்லை 1976ஆம் ஆண்டுக் கதை ஒன்றில் கூறப்பட்டது. பத்தாண்டுக்கு முந்தைய விதியை நினைவில் வைத்தவர்க்கு அச்செய்தி இடியாயிற்று. பிறர்க்கு அது ஒரு கணக்காக மட்டுமே நின்றது. அப்பருவத்தைக் கண்டோர் ஏறத்தாழ 50 இலட்சம் பேர்.

4. எதிர்ச்சான்றுகள்

முற்கோளே பார்வையாளரை விரட்டியது என உடனே முடிவுகட்டுதல் தவறாகும். 1979 அக்டோபரில் ஒரு பகுதியை 1 கோடியே 60 இலட்சம் பேர் பார்த்தனர். அப்போது போட்டி அலைவரிசையாகிய ஐ.டி.வி. வேலைநிறுத்தத்தால் முடங்கியிருந்தது. அடுத்த பருவத்தின் தொடக்கத்தை 60 இலட்சத்துக்கும் குறைவானவர்களே பார்த்தனர். ஓராண்டுக்குள் தொடரின் மொழி அத்துணை மாறிவிடவில்லை. 1987 முதல் 1989 வரை, பெரும் வரவேற்புப் பெற்றிருந்த ‘கோரனேஷன் ஸ்ட்ரீட்’ ஒளிபரப்பாகும் நேரத்திலேயே இத்தொடரும் வைக்கப்பட்டது. 1989ஆம் ஆண்டுப் பருவத்தின் முதற்பகுதிக்குக் கிடைத்த 31 இலட்சம் என்னும் எண், கதையின் தரத்தைவிட நேரத்தின் தரத்தையே அளக்கிறது எனலாம்.

1985ஆம் ஆண்டுக் கதையின் முதற்பகுதியை ஏறத்தாழ 90 இலட்சம் பேர் பார்த்தனர் என்பதும் மறக்கத்தக்கதன்று. அடுத்த வாரம் அது 70 இலட்சத்தை ஒட்டி இறங்கியது. முற்கோள் வாயிலை அடைப்பதில்லை. உள்ளே வந்தவரை இருக்கவிடுவதில்லை.

இதற்கு நேர்மாறான சான்று 2018ஆம் ஆண்டுப் பருவமாகும். அப்பருவத்தின் பத்துப் பகுதிகளிலும் பழைய பகைவர் எவரும் இடம்பெறவில்லை. எவரும் எப்பகுதியிலிருந்தும் பார்க்கத் தொடங்கலாம். ஆயினும் ஏறத்தாழ 1 கோடியே 9 இலட்சம் பேருடன் தொடங்கிய பருவம் 66 இலட்சம் அளவில் முடிந்தது. ஒவ்வொரு பகுதியும் தன்னளவில் முற்றுப்பெற, அடுத்த வாரத்துக்கு எடுத்துச் செல்லும் செய்தி மிகவும் குறைந்திருந்தது. கருத்தாடலில் வாக்கியங்களைப் பிணைப்பது அறிந்த செய்தியே. அதனை முற்றும் நீக்கினால் எஞ்சுவது பனுவல் அன்று. தனித்தனி வாக்கியங்களின் பட்டியலே. எனவே முற்கோளின் மிகுதி போன்றே அதன் இன்மையும் இழப்புக்கு இடந்தரும்.

5. இருவகைப் பெயரிடல்

2005இல் தொடரை மீட்ட ரஸ்ஸல் டி. டேவிஸ் இச்சிக்கலைத் திறம்படக் கையாண்டார். ‘ரோஸ்’ என்னும் முதற்பகுதியில் கடை ஊழியராகிய இளம்பெண் ஒருத்தியே வினவுபவள். ‘டைம் லார்ட்’ என்ற பெயர் அப்பகுதியில் இல்லை. அடுத்த வாரமே வருகிறது. ‘கேலிஃப்ரே’ என்ற பெயர் 2006 டிசம்பர் வரை ஒலிக்கவேயில்லை. முதற்பகுதியின் பகையான உயிர்பெற்ற கடைப்பொம்மைகள் 1970ஆம் ஆண்டுக் கதையில் வந்த ‘ஆட்டான்’களே. ஆயினும் உரையாடலில் அப்பெயர் ஓரிடத்தும் இல்லை; நடிகர் பட்டியலில் மட்டுமே உள்ளது. அறிந்தவர் அறிந்து மகிழலாம். அறியாதவர் எதையும் இழப்பதில்லை. அப்பகுதியைக் கண்டோர் 1 கோடியே 8 இலட்சம் பேர்.

அதே டேவிஸ் 2023இல் பொறுப்பேற்று வந்தபின் முறை மாறிற்று. 2024ஆம் ஆண்டுப் பருவம் ‘முதற்பருவம்’ எனப் புதிதாக எண்ணிடப்பட்டு, டிஸ்னி நிறுவனத்தின் வழியே உலகெங்கும் புதியவர்க்கு வழங்கப்பட்டது. ஆனால் அதன் இறுதிக்கட்டம் 1975ஆம் ஆண்டுக் கதையின் சூடெக் என்னும் பகைவரின் வருகையில் அமைந்தது. 2025ஆம் ஆண்டின் இறுதியில் 1985இல் முதன்முதல் தோன்றிய ‘ராணி’யும், 1972ஆம் ஆண்டுக் கதையின் ஒமேகாவும் வந்தனர். இங்கெல்லாம் பெயரை உச்சரித்தலே திருப்பமாக வைக்கப்படுகிறது. தனிப்பெயர் சுட்டும், விளக்காது. சுட்டப்படும் பொருளை அறியாதவர்க்கு அது ஒலி மட்டுமே. முன்னர் நிகழ்வுக்குப்பின் பெயர் வந்தது. இப்போது பெயரே நிகழ்வாயிற்று.

‘ராணி’ என்பது தமிழ் மொழிபெயர்ப்பாளர்க்குத் தனிச்சிக்கல் தருகிறது. ஆங்கிலத்தில் சுட்டிடைச் சொல்லுடன் வரும் இந்த இந்தியச் சொல் அயன்மையும் அச்சமும் ஊட்டுகிறது. தமிழிலோ அது அரசியையும் அண்டை வீட்டுப் பெண்ணையும் ஒருங்கே குறிக்கும். கீழ்வரியில் ‘நான்தான் ராணி’ என்று எழுதினால் அச்சம் தோன்றாது. சில வேளை நகைப்பே தோன்றும்.

2025ஆம் ஆண்டுப் பகுதிகள் பெரும்பாலும் 40 இலட்சம் பார்வையாளரை எட்டவில்லை. பார்க்கும் வழிகள் பெருகி, வழக்கமான தொலைக்காட்சியின் அளவுகள் யாவும் சுருங்கிய காலம் இது என்பதால், இவ்வெண்ணை முந்தைய எண்களுடன் நேரே ஒப்பிடுதல் பொருந்தாது. எனினும் புதியவரைத் தேடிச் சென்ற கூட்டு நீடிக்கவில்லை. டிஸ்னியுடனான ஒப்பந்தம் முடிவுற்றது என 2025 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது.

6. மொழிபெயர்ப்பாளர்க்குரிய பயன்

நூலை மொழிபெயர்ப்பவர்க்கு அடிக்குறிப்பு உண்டு. கீழ்வரி எழுதுபவர்க்கோ இரண்டு வரியும் சில நொடியுமே உண்டு. எனவே முற்கோளை வாக்கியத்துக்குள்ளேயே அவிழ்க்க வேண்டியுள்ளது. ‘சூடெக்!’ என்ற கூவலை ‘சாவின் கடவுள் சூடெக்!’ எனப் பெயருடன் விளக்கம் சேர்த்து எழுதுதல் ஒருவழி. பெயரை விடுத்துப் ‘பழம்பகைவன்’ என உறவை மட்டும் கூறல் மற்றொரு வழி. பெயரை அவ்வாறே விட்டுப் பின்வரும் காட்சி விளக்கும் எனக் காத்திருத்தல் மூன்றாம் வழி. மூலம் தானே பின்னர் விளக்கும் இடத்தில் மட்டுமே இது ஏற்புடையது. எவ்வழியும் பொருந்தாத வாக்கியம் வருமாயின், குறை பெரும்பாலும் மூலத்தினது எனக் கருதலாம். மொழிபெயர்ப்பாளர் இடறும் இடமே புதிய பார்வையாளர் இடறும் இடமாகும்.

7. முடிவுரை

நெடுந்தொடர் தன் பழமையால் மட்டும் பார்வையாளரை இழப்பதில்லை. நேரமும் போட்டியும் அதனை நலிவிக்கும். ஆயினும் அவை நீங்கியபின் பார்வையாளர் மீள்வர். முற்கோள் மிகுந்தவழி மீள்வதற்குரிய வாயில் இல்லை. முற்கோள் அற்றவழி மீள்வதற்குரிய காரணம் இல்லை. 1963இலும் 2005இலும் இத்தொடர் தன்னை அறியாதார்க்குத் தன்னையே மொழிபெயர்த்துத் தந்தது. அப்பணியைத் தொடரே செய்யாது விட்ட காலங்களில், அது முன்பே தன்னை நேசித்தவரிடம் மட்டும் பேசிக்கொண்டிருந்தது. அவர்கள் எத்துணைப் பேர் ஆயினும், ஆண்டுதோறும் குறைபவரே அன்றிக் கூடுபவர் அல்லர்.