முற்றம் இழந்த விடுதி

இலண்டன் மாநகரில், தேம்ஸ் ஆற்றின் தென்கரையிலுள்ள சதர்க் பகுதியில் ஜார்ஜ் விடுதி என்னும் பழைய மதுமனை நிற்கிறது. திறந்த மாடத் தாழ்வாரங்களைக் கொண்ட குதிரைவண்டி விடுதிகளுள் அந்நகரில் எஞ்சியிருப்பது இஃது ஒன்றே. இதனைப் புகழ்வோர் பலரும் இதன் பழமையையும், இதனோடு சேர்த்துச் சொல்லப்படும் பெரியோர் பெயர்களையும் கூறி அமைந்துவிடுகின்றனர். கட்டடக் கலையை மதிப்பிட இவை போதிய அளவுகோல்கள் ஆகா.

ஷேக்ஸ்பியரை இக்கட்டடத்தோடு இணைத்துப் பேசுவோர் உளர். 1676ஆம் ஆண்டு எழுந்த பெருந்தீ சதர்க்கின் பெரும்பகுதியை அழித்தது. இன்றுள்ள கட்டடம் 1677இல் எழுந்தது. கவிஞரோ 1616இலேயே மறைந்தார். அதே இடத்தில் முன்பிருந்த விடுதியை அவர் கண்டிருக்கலாம். இதனைக் கண்டிருக்க இயலாது. டிக்கன்ஸ் தம் 'லிட்டில் டாரிட்' புதினத்தில் இவ்விடுதியைக் குறித்திருப்பது உண்மையே. ஆயினும் அது விடுதிக்குப் புகழேயன்றிக் கட்டடத்திற்கு அழகன்று.

அவ்வாறாயின் இதன் சிறப்பு யாது? பயன் கருதிப் பிறந்த வடிவமே அது. நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் வாயில் வழியே குதிரைவண்டி முற்றத்தினுள் வந்து நிற்கும். கீழே உண்டு பருகும் அறைகள். மேலே பயணியர் தங்கும் அறைகள். மேலறைகளின் கதவுகள் மரத் தாழ்வாரத்தில் திறந்தன. ஆதலின் உள்ளே தனி நடைவழி வேண்டப்படவில்லை. தாழ்வாரமே நடைவழியும் ஆயிற்று. முற்றத்தை நோக்கும் மாடமும் ஆயிற்று.

எனினும் இன்று எஞ்சியிருப்பது தெற்குப் பக்கம் மட்டுமே. இருப்புப்பாதை வந்தபின் குதிரைவண்டித் தொழில் நலிந்தது. கிரேட் நார்தர்ன் இருப்புப்பாதை நிறுவனம் சரக்குக் கிடங்குகளுக்காக ஏனைய இரு பக்கங்களை இடித்தது. மாடங்கள் சூழாத முற்றம் வெறும் வெளியே. ஓரடியைக் கொண்டு முழுச் செய்யுளின் அமைதியை உய்த்துணர்வது போலவே இதனை இன்று உணர வேண்டியுள்ளது.

சாசரின் 'காண்டர்பரிக் கதைகள்' நூலில் யாத்திரிகர் கூடும் டாபர்டு விடுதியும் அருகிலேயே இருந்தது. தீக்குப்பின் மீண்டும் எழுந்த அவ்விடுதி 1873இல் இடிக்கப்பட்டது. சாசர் பெயரும் அதனைக் காக்கவில்லை. ஜார்ஜ் விடுதியோ 1937இல் தேசிய அறக்கட்டளையின் பொறுப்பில் வந்தமையால் பிழைத்தது.

பழங்கட்டடத்தை மாணவர்க்கு அறிமுகம் செய்யும் ஆசிரியர், யார் யார் வந்தனர் என்பதோடு நில்லாது, கதவு ஏன் அவ்விடத்தில் உள்ளது என்றும் வினவச் செய்தல் வேண்டும். அவ்வினாவே கட்டடக் கலைத் திறனாய்வின் தொடக்கம்.