பக்கத்தில் இருக்கிற மனுசன்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில், வாடகை டெக்கில்தான் ‘மௌன ராகம்’ பார்த்தேன். அறையில் பதினொரு பேர். நாலு பெண்கள் ஸ்பொன்சருக்குக் காத்திருந்தவர்கள். புருஷன்மார் ரொரன்ரோவிலும் பாரிஸிலும். என்ன வேண்டுமென்று மோகன் கேட்க, ரேவதி விவாகரத்து வேண்டுமென்கிறாள். சுவரோரம் இருந்த அக்கா சத்தமாகச் சிரித்துவிட்டார். “பக்கத்திலை இருக்கிற மனுசனைப் போய் வேண்டாமெண்டுறாள், விசரி!”

1986இல் வந்த அந்தப் படத்தைப் பற்றி நான் வாசித்த எந்த விமர்சனத்திலும் இந்த வாக்கியம் இல்லை. விமர்சகர்கள் மகேந்திரனின் ‘நெஞ்சத்தைக் கிள்ளாதே’யை (1980) பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள், பி.சி.ஸ்ரீராமின் ஒளியை மெச்சினார்கள். கடைசியில் அவளைக் கணவனிடமே சேர்த்துவிட்டதைப் பிற்போக்கு என்றவர்களும் உண்டு. சனத்துக்கோ அவளுடைய பழைய காதலனாக வரும் கார்த்திக்தான் படம். மணிரத்னம் முதலில் எழுதிய கதையில் அந்தப் பாத்திரமே கிடையாது. அவள் ஏன் ஒட்டமாட்டேன் என்கிறாள் என்று பார்ப்பவர்கள் கேட்பார்களே என்றுதான் பிறகு சேர்த்தார். ரசிகனுக்காக ஒட்டுப்போட்ட துண்டே ரசிகனின் நெஞ்சில் நின்றது. விமர்சகர்கள் இதை ஒரு சமரசமாகப் பார்த்தால் நான் சண்டைக்குப் போகமாட்டேன். ஆனால் அந்தக் குறும்பு இல்லாவிட்டால் மற்றப் பாதியின் மௌனம் இவ்வளவு கனத்திருக்காது.

கொட்டாஞ்சேனையில் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவருக்கு பாக்யராஜின் ‘அந்த 7 நாட்கள்’தான் (1981) உசத்தி. தாலியைக் கழற்ற முடியாமல் அம்பிகா நிற்க, ஆர்மோனியக்காரக் காதலன் பாலக்காட்டு மாதவன் அவளை விட்டுவிட்டுப் போகிறான். தாலியை இப்படித் தூக்கிப்பிடிக்கலாமா என்று பெண்ணியவாதிகள் கேட்பது நியாயமான கேள்வி. பெரியவருக்கு அது கணக்கிலேயே இல்லை. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி அவருடைய தமக்கை குடும்பம் தலைமன்னாரில் இந்தியாவுக்குக் கப்பலேறியது. “போறவன் திரும்பிப் பாக்காமப் போறானே, அதத்தான் பாக்கணும்” என்பார். ஆர்மோனியக்காரனின் கூத்துகளுக்குச் சிரித்த அதே வாயால்.

பிறகு வந்தவற்றில் ‘ராஜா ராணி’ (2013) ‘மௌன ராக’த்தின் நிழல் என்று திட்டுவாங்கியும் ஓடியது. ‘இறுகப்பற்று’ (2023) சத்தமில்லாமல் நல்ல பெயர் எடுத்தது. ‘தலைவன் தலைவி’ (2025) ஒரே கூச்சல் என்றார்கள் எழுதியவர்கள். எங்கள் வீட்டிலும் இதைவிடச் சத்தம் என்றார்கள் பார்த்தவர்கள்.

‘ஓ மை கடவுளே’ (2020) கொழும்பில் வேறு மாதிரிப் புரிகிறது. நண்பர்களாக இருந்து கலியாணம் கட்டிய இருவர் விவாகரத்துக்காகக் கோர்ட் வாசலில் நிற்கிறார்கள். காதல் நீதிமன்றம் நடத்தும் கடவுளாக விஜய் சேதுபதி வருகிறார். இந்தியாவில் 1976ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, இரண்டு பேரும் சம்மதித்தால் இந்துத் திருமணத்தை முறித்துக்கொள்ளலாம். எங்கள் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தில் அந்த வழி இல்லை. சோரம் போனது, வேண்டுமென்றே கைவிட்டது, கலியாணத்தின்போதே ஆண்மையின்மை இருந்தது என்று யாராவது ஒருவர் மற்றவர்மேல் குற்றம் நிரூபிக்க வேண்டும். மனம் ஒத்துப் பிரிகிறவர்களும் கூண்டில் ஏறி ஒருவர் கெட்டவராக வேண்டியிருக்கிறது. சென்னை விமர்சகர்கள் கடவுள் வரும் பகுதியைத்தான் கற்பனை என்று எழுதினார்கள். இங்கே வழக்குப் பேசும் சட்டத்தரணி நண்பருக்கு, கடவுளைவிட அந்தப் புருஷனும் பெண்சாதியும் சிநேகமாக நின்றதுதான் கற்பனை.

அந்த லொட்ஜ் அக்காவுக்கு மறு வருடம் விசா வந்தது. கட்டுநாயக்காவுக்கு வான் வந்து நிற்கும்போது, கடையில் திருப்பிக் கொடுக்கச் சொல்லி ஒரு கசெற்றையும் சில்லறையையும் என் கையில் வைத்தார். ‘மௌன ராகம்’. மூன்று நாள் வாடகை பாக்கி.