டிஃபெண்டரின் முதுகுக்குப் பின்னால்

14, 9, 9, 8, 4, 5, 5, 14. இந்தியன் சூப்பர் லீக்கில் பெங்களூரு அணிக்காக சுனில் சேத்ரி 2017-18 முதல் 2024-25 வரை சீசன்தோறும் அடித்த கோல்கள் இவை. கடைசி எண்ணை விரலால் மறைத்துக்கொண்டு பார்த்தால் எல்லா ஸ்ட்ரைக்கர்களுக்கும் நடப்பதுதான் இவருக்கும் நடந்திருக்கிறது. முப்பத்துமூன்று வயதில் உச்சம், பிறகு இறக்கம், முப்பத்தேழுக்கு மேல் பெயருக்கு நாலைந்து கோல். விரலை எடுத்தால்தான் வம்பு. முதல் எண்ணும் கடைசி எண்ணும் ஒன்று. அந்தக் கடைசி 14-ஐ அடிக்கும்போது அவருக்கு நாற்பது முடிந்திருந்தது. அந்த சீசன் தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்புதான், 2024 ஜூன் 6 அன்று, கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் குவைத்துடன் கோலின்றி முடிந்த ஆட்டத்தோடு இந்திய அணிக்கு விடை சொல்லியிருந்தார். 151 ஆட்டம், 94 கோல். கணக்கு முடிந்தது என்று எல்லோரும் எழுதினார்கள்.

அந்த ஜூன் மாதத்தை எங்கள் கள்ளக்குறிச்சியில் யாரும் கால்பந்தை வைத்து நினைவில் வைத்திருக்கவில்லை. அடுத்த இரண்டு வாரத்துக்குள் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. தெருவுக்குத் தெரு பந்தல் போட்டிருந்தார்கள். சேத்ரி விடைபெற்ற செய்தியெல்லாம் அதற்கு முந்தைய உலகத்தில் நடந்ததுபோல ஆகிவிட்டது. செப்டம்பரில் லீக் தொடங்கி அவர் பெயர் மறுபடி காதில் விழுந்தபோது, ‘இன்னும் ஆடுகிறாரா?’ என்று கேட்டவர்கள்தான் அதிகம்.

இந்தப் பக்கம் கபடிக்கும் கைப்பந்துக்கும் கிரிக்கெட்டுக்கும் போக மிச்சமிருப்பவர்களே கால்பந்துக்காரர்கள். ஆள் குறைவு, அபிப்பிராயம் அதிகம். நள்ளிரவில் ஃபோனில் ஐரோப்பிய லீக் பார்க்கிற பையன்களுக்கு இந்திய ஆட்டம் என்றாலே ஓர் அலட்சியம் உண்டு. சேத்ரியைப் பற்றி அவர்களிடம் தீர்ப்பு தயாராக இருந்தது: பாதி பெனால்டி, மீதி மாலத்தீவு, நேபாளம் மாதிரிச் சின்ன அணிகள் மேல் அடித்தது, மெஸ்ஸி, ரொனால்டோ பெயர்களுக்குப் பக்கத்தில் இவர் பெயரை எழுதுவது புள்ளிவிவரம் செய்யும் குறும்பு. இதில் உண்மை இல்லாமல் இல்லை. தெற்காசியப் போட்டிகளில் அவர் நிறைய அடித்திருக்கிறார். ஆனால் 2008-இல் டெல்லியில் தஜிகிஸ்தானுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் ஹாட்ரிக் அடித்து, 1984-க்குப் பிறகு முதல்முறையாக இந்தியாவை ஆசியக் கோப்பைக்குள் கொண்டுபோனவரும், 2019 ஆசியக் கோப்பையில் தாய்லாந்தை 4-1 என்று சாய்த்த ஆட்டத்தில் இரண்டு கோல் போட்டவரும் இதே ஆள்தான். எந்த அணிக்கு எதிராக அடித்தார் என்பதைத்தான் இருதரப்பும் வாதாடிக்கொண்டிருந்தார்கள். எப்படி அடித்தார் என்று கேட்டவர்கள் குறைவு. நாற்பது வயதில் வந்த அந்த 14 கோல்கள் கேட்கவைத்தன.

எப்படி என்று பார்க்க இரண்டு கோல்கள் போதும். இரண்டுக்கும் நடுவே ஏழு வருடம்.

முதலாவது, சென்னை ரசிகர்களுக்குக் கசப்பாகத் தொடங்கி இனிப்பாக முடிந்த இரவில் விழுந்தது. 2018 மார்ச் 17, பெங்களூரு கண்டீரவா மைதானம், லீக்கின் இறுதி ஆட்டம். ஒன்பதாவது நிமிடம், வலது ஓரத்தில் உதாந்தா சிங் பந்தோடு பறக்கிறார். சென்னையின் எஃப்.சி. டிஃபெண்டர்கள் எல்லோர் கண்ணும் அவர் மேல். கிராஸ் தாழ்வாக வருகிறது. காலால் தொட்டால் போதும் என்கிற உயரத்தில். சேத்ரி காலை நீட்டவில்லை. உடம்பைத் தரைக்கு இணையாக எறிந்து தலையால் முட்டுகிறார். காலை நீட்டுவதற்கு ஒரு எட்டு அதிகம் வேண்டும், அந்த எட்டுக்கு நேரமில்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. அன்று மெயில்சன் ஆல்வெஸ் இரண்டு ஹெட்டர் அடித்து, ரஃபேல் அகஸ்டோ மூன்றாவதைப் போட்டு, ஜான் கிரெகரியின் சென்னை 3-2 என்று கோப்பையைத் தூக்கியது. நம்மூர் தனபால் கணேஷ் அந்த நடுக்களத்தில் இருந்தார். வென்ற கையோடு அந்த முதல் கோலை நாம் மறந்தும் போனோம்.

இரண்டாவது, 2025 ஏப்ரல் 6, கோவாவின் ஃபதோர்தா. அரையிறுதியின் இரண்டாம் சுற்று. முதல் சுற்றில் பெங்களூரு 2-0 என்று வென்றிருந்தது. கோவா இங்கே அதே இரண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. மொத்தக் கணக்கு 2-2. தொண்ணூறு நிமிடம் முடிந்து கூடுதல் நிமிடங்கள் ஓடுகின்றன. அதே வலது ஓரம். இந்த முறை பந்தை அனுப்புகிறவர் நாம்க்யால் பூட்டியா. கோல் முன்னால் ஆள் நிறைந்திருக்கிறது. சேத்ரி அதே மாதிரி முன்னால் பாய்ந்து தலையைக் கொடுக்கிறார். பெங்களூரு இறுதி ஆட்டத்துக்குப் போகிறது.

இரண்டு வீடியோவையும் அடுத்தடுத்துப் பாருங்கள். பந்தைப் பார்க்காதீர்கள், பந்து வலதுபக்கம் இருக்கும்போதே இடதுபக்கம் கண்ணை வையுங்கள். சேத்ரியின் கலை முழுக்கப் பந்து அவரிடம் வருவதற்கு முந்தைய இரண்டு நொடியில் இருக்கிறது. அவர் ஐந்தடி ஏழங்குலம்தான். சென்டர் பேக் என்று நிற்கிறவன் பெரும்பாலும் ஆறடிக்கு மேல். அவனுக்கு முன்னால் நின்றால் அவன் இவரைப் பார்த்துக்கொண்டே இருப்பான். பக்கத்தில் நின்றால் கையால் பிடித்துக்கொள்வான். சேத்ரி அவன் முதுகுக்குப் பின்னால் நிற்கிறார். பந்தையும் பார்க்கவேண்டும், பின்னால் நிற்கிற ஆளையும் பார்க்கவேண்டும் என்றால் டிஃபெண்டர் தலையைத் திருப்பியாக வேண்டும். கிராஸ் வரப்போகிற கணத்தில் அவனால் தலையைத் திருப்ப முடியாது. அந்தக் கணத்தில்தான் இவர் கிளம்புகிறார். அதற்கு முன்னால் கிளம்பினால் பந்துக்காகக் காத்து நிற்க வேண்டிவரும். காத்து நிற்கிற குள்ளமான ஆளை யாரும் தட்டிவிடலாம். பின்னால் கிளம்பினால் பந்து போய்விடும். கண்டீரவாவில் ஓடிவந்து அடைந்த இடத்தை ஃபதோர்தாவில் நடந்துவந்த மாதிரி அடைகிறார். ஓட்டம் குறைந்திருக்கிறது, கிளம்பும் நேரம் மாறவில்லை.

இந்த வித்தையை அவர் எங்கே கற்றார் என்பதற்கு என்னிடம் ஒரு விளக்கம் இருக்கிறது. அதை எல்லோரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். இந்திய லீக்கில் சென்டர் ஃபார்வர்ட் இடம் வெளிநாட்டுக்காரருக்கு என்பது எழுதாத சட்டம். சேத்ரிக்கே அந்த இடம் கிடைக்கவில்லை. 2017-18-இல் பெங்களூருவுக்கு நடுவில் நின்றவர் வெனிசுவேலாவின் மிக்கு. 15 கோல் அடித்தார். இந்திய அணியின் தலைவர், நாட்டின் முதல் ஸ்ட்ரைக்கர், தன் கிளப்பில் இடது ஓரத்தில் நின்று ஆடினார். அங்கிருந்து 14 அடித்தார். ஓரத்தில் தள்ளப்பட்டவன் கோல் போடவேண்டுமென்றால் ஒரே வழி, எல்லோரும் நடுவில் நிற்கிறவனைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது கண்ணில் படாமல் உள்ளே வருவது. வருடக்கணக்கில் அதையே செய்தார். இளமையில் அவரிடம் வேறு சரக்கும் இருந்தது: இடதிலிருந்து வெட்டி உள்ளே வந்து வலது காலால் தூக்கிப் போடுவது, இரண்டு பேரைத் தாண்டிப் போவது. அதெல்லாம் காலில் இருந்த சரக்கு, காலோடு போய்விட்டது. 4, 5, 5 என்று கோல் இறங்கிய வருடங்கள், போனதை இன்னும் இருப்பதாக நினைத்து ஆடிய வருடங்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. பிறகு அந்தச் சரக்கைக் கழித்துவிட்டார். பழைய வீணை வித்வான் வேகமான பிருகாக்களை விட்டுவிட்டு, ஒரே மீட்டில் கமகத்தை நீளவைத்துச் சபையைக் கட்டிப்போடுவாரே, அந்த மாதிரி.

கழித்ததில் நேரமும் சேர்த்தி. பெங்களூருவின் பயிற்சியாளர் ஹெரார்ட் சரகோசா 2024-25 சீசனில் பல ஆட்டங்களில் அவரை முதல் பதினொன்றில் வைக்கவில்லை. செப்டம்பர் 19 அன்று ஹைதராபாத்துக்கு எதிராக மாற்று ஆட்டக்காரராக உள்ளே வந்தார். கடைசிப் பத்து நிமிடத்துக்குள் ஒரு பெனால்டி, ஒரு ஹெட்டர். லீக்கின் மொத்தக் கோல் கணக்கில் நைஜீரியாவின் பார்த்தலோமியூ ஓக்பெச்சேயின் 63-ஐத் தொட்டார். ஒன்பது நாள் கழித்து மோகன் பகானை 3-0 என்று வென்ற ஆட்டத்தில் 64. பெஞ்சிலிருந்து அவர் கடைசியில் உள்ளே வருவதற்குள் டிஃபெண்டர்கள் எண்பது நிமிடம் ஓடிக் களைத்திருப்பார்கள். தலையைத் திருப்பச் சோம்பல் வந்திருக்கும். நாற்பது வயதுக்காரருக்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது. 1990 உலகக் கோப்பையில் கேமரூனின் ரோஜர் மில்லா செய்ததும் இதுதான். ஓய்விலிருந்து நாட்டின் அதிபரே கூப்பிட்டு வந்த முப்பத்தெட்டு வயதுக்காரர், நான்கு கோல், நான்கும் மாற்று ஆட்டக்காரராக வந்து அடித்தவை. கொடிக்கம்பத்துப் பக்கம் அவர் ஆடிய நடனத்தைத்தான் உலகம் நினைவில் வைத்திருக்கிறது. எதிரணி களைக்கும் வரை பெஞ்சில் பொறுத்திருந்ததைப் பேசுகிறவர்கள் கம்மி. இத்தாலியில் லூகா டோனி 2014-15-இல் வெரோனாவுக்காக 22 கோல் அடித்து முப்பத்தெட்டு வயதில் லீக்கின் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார். ஆனால் அவர் ஆறடி நாலங்குலம், நின்ற இடத்தில் நின்றாலே பந்து தலையில் படும். அதை சேத்ரியோடு ஒப்பிடுவது நியாயமில்லை.

ரசிகர்கள் உண்மையிலேயே வாயடைத்த நாள் 2024 டிசம்பர் 7. கேரளா பிளாஸ்டர்ஸ் கண்டீரவாவுக்கு வந்திருந்தது. இந்த இரண்டு அணிகளுக்கும் இருக்கும் பகையைச் சொல்லாமல் அந்த இரவு புரியாது. 2023 மார்ச்சில் இதே மைதானத்தில், நாக் அவுட் ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில், பிளாஸ்டர்ஸ் தடுப்புச் சுவர் அமைத்துக்கொண்டிருக்கும்போதே சேத்ரி ஃப்ரீ கிக்கை வலைக்குள் போட்டுவிட்டார். நடுவர் கோல் என்றார். பிளாஸ்டர்ஸ் பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச் அணியைக் கூட்டிக்கொண்டு மைதானத்தைவிட்டே வெளியேறினார். அணிக்கு நான்கு கோடி ரூபாய் அபராதம், அவருக்குப் பத்து ஆட்டத் தடை. மஞ்சள் சட்டைக்காரர்களுக்கு சேத்ரி என்றால் அன்றிலிருந்து தந்திரக்காரர், குறுக்குவழிக்காரர். அந்தக் கூட்டத்தின் முன்னால் இந்த டிசம்பர் இரவில் எட்டாவது நிமிடத்தில் தலையால் ஒன்று. 2-0 என்று போன ஆட்டத்தை பிளாஸ்டர்ஸ் 2-2 ஆக்கியது. எழுபத்துமூன்றாவது நிமிடத்தில் இன்னொன்று. தொண்ணூறு நிமிடம் முடிந்து எட்டாவது கூடுதல் நிமிடத்தில் மூன்றாவது. லீக்கில் ஹாட்ரிக் அடித்தவர்களிலேயே மூத்தவர் என்ற பெயர் கிடைத்தது. சேத்ரியைத் திட்டுவதற்கென்றே ஆட்டம் பார்க்கிற கேரள நண்பர்கள் எனக்கு உண்டு. அன்று அவர்கள் திட்டியது தங்கள் டிஃபெண்டர்களை. எதிரணி ரசிகனிடமிருந்து ஒரு ஸ்ட்ரைக்கருக்கு இதைவிடப் பெரிய பாராட்டு வராது. ஃப்ரீ கிக் கோலும் இந்த மூன்றும் ஒரே மூளையின் வேலை என்று அவர்களிடம் சொன்னால் மட்டும் இன்னும் சண்டைக்கு வருகிறார்கள். அடுத்தவன் கண் வேறெங்கோ இருக்கிற கணத்தைப் பிடிப்பது என்ற வகையில் இரண்டும் ஒன்றுதான்.

சீசன் முடிவில் கோல் பட்டியலில் அவருக்கு மேல் ஒரே ஒருவர், மொராக்கோவின் அலாதீன் அஜராய், 23. இந்தியர்களில் வேறு யாரும் கிட்டத்தில்கூட வரவில்லை. இங்கேதான் ரசனை கொஞ்சம் கசக்கத் தொடங்குகிறது. 2025 மார்ச்சில் பயிற்சியாளர் மனோலோ மார்க்கேஸ் அவரை ஓய்விலிருந்து இந்திய அணிக்கு அழைத்தார். மார்ச் 19, ஷில்லாங், எதிரணி மாலத்தீவு. 3-0 வெற்றியில் மூன்றாவது கோல் சேத்ரியுடையது. லிஸ்டன் கொலாசோவின் கிராஸ், தலை, 95-வது சர்வதேச கோல். மனோலோவுக்கு அதுதான் முதல் வெற்றி. ‘பாருங்கள், மறுபடி மாலத்தீவு’ என்று பழைய கட்சி எழுந்தது. ஆறு நாள் கழித்து அதே ஊரில் வங்கதேசத்துடன் கோலில்லாமல் சமன். அங்கே அவருக்கு வரவேண்டிய கிராஸ்கள் ஒழுங்காக வரவில்லை. முதுகுக்குப் பின்னால் நிற்கிறவரின் ஆட்டம் பந்து அனுப்புகிறவரை நம்பி இருப்பது. பெங்களூருவில் எந்த நேரத்தில் எந்த இடத்துக்கு அனுப்பவேண்டும் என்று தெரிந்தவர்கள் இருந்தார்கள். சில நாள் முகாமில் கூடிய தேசிய அணியில் அது வாய்க்கவில்லை. அக்டோபரில் சிங்கப்பூரிடம் ஃபதோர்தாவில் 1-2 என்று தோற்று 2027 ஆசியக் கோப்பை வாய்ப்பும் போனது. அவர் ஆறு மாதம் முன்பு பாய்ந்து முட்டிய அதே மைதானம்.

அந்தத் திரும்பிவரலைத் தவறு என்றுதான் சொல்வேன், அவருடையதல்ல, அழைத்தவர்களுடையது. ஒரு கிளப் கவனமாக நிமிடம் எண்ணிப் பயன்படுத்திய கலையை, நாட்டின் ஸ்ட்ரைக்கர் பஞ்சத்துக்கு மருந்தாகக் கொடுக்கப் பார்த்தார்கள். அதே வருடம் ஜூலையில் இந்தியப் பெண்கள் அணி தாய்லாந்தை அதன் மண்ணிலேயே 2-1 என்று வென்று ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றதையும் இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். சங்கீதா பாஸ்போர் இரண்டையும் போட்டார். பழைய தென்னார்க்காட்டுக்காரர்கள் கால்பந்தில் பெருமைப்பட இந்துமதி கதிரேசனைப் போன்ற கடலூர்ப் பெண்கள்தான் இருக்கிறார்கள். நம் பையன்கள் அவர்கள் ஆட்டத்தைப் பார்ப்பதில்லை. அது இன்னொரு கட்டுரைக்கான கோபம்.

இப்போது எங்கள் பக்கம் தீர்ப்பு மாறியிருக்கிறது, ஆனால் ஒரே மாதிரி மாறவில்லை. வயதானவர்கள் உழைப்பு, கட்டுப்பாடு என்கிறார்கள். சாப்பாட்டில் அவர் கறாராக இருப்பதைப் பையன்களுக்கு உபதேசமாக ஓதுகிறார்கள். பையன்கள் லீக்கின் தரம் அப்படி, நாற்பது வயதுக்காரரைக்கூடப் பிடிக்க முடியவில்லை என்கிறார்கள். இரண்டாவது வாதத்தைத் தள்ளிவிட முடியாது. ஆனால் அதே டிஃபெண்டர்களுக்கு எதிராக அதே சீசனில் ஆடிய இருபத்தைந்து வயது ஃபார்வர்ட்கள் இந்தியாவில் ஏராளம் பேர் உண்டு. அவர்கள் கிராஸ் வரும்போது பந்தை நோக்கி ஓடுகிறார்கள். சேத்ரி ஓடுவது டிஃபெண்டரின் பார்வை எட்டாத இடத்துக்கு.