பேசாத தாய்: ‘அவள் அப்படித்தான்’ திரைப்படமும் அகமரபும்

முன்னுரை

இல்லறத்தின் முறிவைப் பொருளாகக் கொண்ட தமிழ்த் திரைப்படங்கள் பல. அவற்றுட் பெரும்பாலன, பிரிந்தோர் கூடுவதையோ, பிழை செய்தோர் ஒறுக்கப்படுவதையோ காட்டி முடிவன. இவ்விரு முடிவுகளையும் வேண்டாது, வாணிக வழக்கினின்று விலகி நின்ற படம் 1978ஆம் ஆண்டில் வெளிவந்த ‘அவள் அப்படித்தான்’. சென்னைத் திரைப்படக் கல்லூரியிற் பயின்ற ருத்ரய்யா இதனை இயக்கினார். 2014ஆம் ஆண்டில் மறைந்த அவர் இதனையடுத்து இயக்கிய படம் ‘கிராமத்து அத்தியாயம்’ (1980) ஒன்றே. வண்ணப்படங்கள் பெருகிவந்த காலத்தில் இப்படம் கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பெற்றது. இதன் எழுத்தாக்கத்தில் ருத்ரய்யாவோடு சோமசுந்தரேஸ்வரும், பொருநைக் கரை எழுத்தாளரான வண்ணநிலவனும் பங்குகொண்டனர்.

இப்படத்தைப் பெண் விடுதலை பேசும் படமாகக் கண்டு பாராட்டியோர் பலர். அப்பாராட்டு தக்கதே. எனினும் அதன் நடுவே ஒரு வெற்றிடம் உண்டு என்பது எம் கருத்து. மணவாழ்வில் நிறைவு பெறாத ஒரு பெண் இதில் வருகின்றாள். கதை முழுவதும் அவள் செயலின் விளைவாகவே நடக்கின்றது. ஆயினும் அவள் தன் நெஞ்சைத் திறந்து பேசுவது படத்தில் இல்லை. அவள் நாயகி மஞ்சுவின் தாய். அவள் மௌனத்தின் காரணத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

படத்தின் பொருள்

மகளிர் நிலை குறித்து ஆவணப்படம் எடுக்க முனையும் அருண், அவனுக்குத் துணையாகப் பணிபுரியும் மஞ்சு, விளம்பரத் தொழிலில் உள்ள அவன் நண்பன் தியாகு ஆகிய மூவரே முதன்மை மாந்தர். முறையே கமலஹாசன், ஸ்ரீபிரியா, ரஜினிகாந்த் ஆகியோர் நடித்துள்ளனர். தியாகு பெண்ணை இழித்துப் பேசுபவன், பேசுவதை மறைக்காதவன். அருண் பெண்ணை மதித்துப் பேசுபவன். ஆனால் முடிவில் எதனையும் வினவாத ஒரு பெண்ணை மணந்துகொள்பவன். இவ்விருவரையும் எதிரெதிர் நிறுத்திய திறம் பாராட்டத்தக்கது. நல்லவன் எனக் கருதப்படுபவனும் தன் நலத்தின் எல்லையில் நின்றுவிடுவான் என்பதைப் படம் ஆரவாரமின்றி உணர்த்துகின்றது.

மஞ்சு யாரையும் எளிதில் நம்பாதவள். அதற்குப் படம் கூறும் காரணங்கள் சில. அவள் தாய்க்கு வேற்றாடவர் உறவு இருந்தது. தந்தை எதிர்த்துப் பேச இயலாத மெல்லியர். பின்னர் அவள் கொண்ட காதல் தோற்றது. அதன்பின் மனோ என்பவன் அவளை நுகர்ந்துவிட்டுப் பின்னர் அவளைத் தங்கை எனக் கூறினான். இக்காரணத் தொடரின் முதற்கண்ணி தாயே என்பது கருதத்தக்கது. அம்முதற்கண்ணியை மஞ்சுவின் நினைவு வழியாக மட்டுமே யாம் காண்கின்றோம்.

அகமரபின் இடமும் இடமின்மையும்

கடனாநதி பாயும் ஆழ்வார்குறிச்சியில் மருதநிலத்தைச் சொல்லால் விளக்க வேண்டுவதில்லை. வயலும் வாய்க்காலும் கண்முன் உள்ளன. விளக்க வேண்டுவது அதன் உரிப்பொருளையே. தலைவன் பரத்தையிற் பிரிய, தலைவி ஊடுகின்றாள். அவ்வூடலைத் தீர்க்கும் வாயில்களாகத் தோழி முதலாகப் பன்னிருவரைத் தொல்காப்பியர் கற்பியலில் எண்ணுகின்றார். ஐங்குறுநூற்றின் முதல் நூறு, ஓரம்போகியார் பாடிய மருதம். அங்குத் தலைவி பேசுகின்றாள்; தோழி பேசுகின்றாள்; பரத்தையும் பேசுகின்றாள். குறுந்தொகையில் ஆலங்குடி வங்கனார் பாடிய எட்டாம் பாட்டு, தலைவனை எள்ளி நகையாடும் பரத்தையின் கூற்றே. ஆகவே கணவன் பிழைத்தவிடத்து, அதனால் தொடர்புற்ற பெண்டிர் அனைவர்க்கும் அகமரபு கூற்று வழங்கிற்று எனலாம்.

மருதம் கற்பிக்குங்கால் முதுகலை மாணாக்கர் சிலர் எழுப்பும் வினா ஒன்று உண்டு. தலைவனிடம் நிறைவு காணாத தலைவிக்கு ஊடலன்றி வேறு துறை இல்லையோ என்பதே அது. இல்லை என்பதே விடை. பெருந்திணையுள் அதனை அடக்கலாமோ எனின், அதுவும் பொருந்தாது. தொல்காப்பியர் பெருந்திணைக்குக் கூறும் கூறுகள் நான்கனுள் மணந்த பெண்ணின் மனக்குறைக்கு இடமில்லை. திருக்குறளில் ‘பிறனில் விழையாமை’ என்னும் அதிகாரம் விழைகின்ற ஆடவனை நோக்கிப் பேசுகின்றது. விழையப்பட்டவள் பிறனுடையவள் என்ற அளவில் மட்டும் குறிக்கப்படுகின்றாள். அவள் விருப்பும் வெறுப்பும் ஆராயப்பெறவில்லை.

நாட்டுப்புற வழக்கும் இதற்கு விலக்கன்று. ஆணின் வஞ்சத்தால் மாண்ட பெண் இசக்கியாகி வழிபடப்பெறுவதை நெல்லைச் சீமையின் வில்லுப்பாட்டுகள் பாடுகின்றன. வஞ்சிக்கப்பட்டவளுக்குப் பீடமும் பாட்டும் உள்ளன. தானே பிறழ்ந்தவளுக்கு அத்தகைய இடத்தை இம்மரபு வகுத்ததாகத் தெரியவில்லை.

சட்டமும் நெடுங்காலம் இவ்வழியே நின்றது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவு, மற்றொருவன் மனைவியைக் கூடிய ஆடவனையே குற்றவாளியாக்கியது, அப்பெண்ணை ஒறுக்கவில்லை. இதனை இரக்கம் என்று கொள்ளுதல் ஆகாது. கணவன் இசைந்திருப்பின் குற்றமே இல்லை என்று அப்பிரிவு கொண்டமையால், அவளைக் கணவனின் உடைமையாகவே கருதிற்று என்பது போதரும். உச்ச நீதிமன்றம் இப்பிரிவைச் செல்லாது எனத் தீர்ப்பளித்தது 2018 செப்டம்பர் 27ஆம் நாளிலேயாம்.

இக்கால இலக்கியத்தின் முயற்சிகள்

இவ்வெற்றிடத்தை நிரப்ப முயன்றது இக்காலப் புனைகதை. புதுமைப்பித்தன் ‘சாப விமோசனம்’ என்னும் கதையில் (1943), மீட்கப்பட்ட அகலிகை, சீதையின் தீக்குளிப்பைக் கேட்டு மீண்டும் கல்லாகின்றாள். மன்னிப்பு என்பது யார் யார்க்கு வழங்குவது என்ற வினாவை அவள் கல்லாதலே எழுப்புகின்றது. தி. ஜானகிராமனின் ‘அம்மா வந்தாள்’ (1966) இன்னும் நெருங்கிய ஒப்புமை. அங்கும் தாய் அலங்காரத்திற்குச் சிவசு என்பானோடு உறவு. கணவர் தண்டபாணி அதனை அறிந்தும் பேசாதிருப்பவர். அனைத்தையும் காண்பவன் மகன் அப்பு. ஆயின் அலங்காரம் தன் பிழையைத் தானே எடைபோடுகின்றாள். கழுவாயாகவே மகனை வேதம் பயில விடுகின்றாள். இறுதியில் காசிக்குச் செல்லவும் தானே துணிகின்றாள். அவளை ஏற்கலாம், மறுக்கலாம். அவளுக்கு உள்ளம் ஒன்று உண்டு என்பதை மட்டும் மறுக்க இயலாது.

இவற்றினும் சிறந்த சான்று வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ (1977). படத்திற்கு ஓராண்டு முற்பட்ட நாவல் இது. பரதவர் குடும்பத்துக் குரூஸ் மைக்கேலின் மனைவி மரியம்மைக்கும் ஊர் வாத்திக்கும் நெருக்கம் உண்டு. மகள் பிலோமி அதனை அறிவாள். அறிந்தும் தாயை வெறுப்பதில்லை. தாய் மறைந்து, தன் காதலும் கைகூடாது போன பின்னர், அதே வாத்தியோடு அவள் கொள்ளும் நட்பு நாவலின் மிக மென்மையான பகுதி. தன் துயரத்தின் வழியே தாயின் துயரத்தை உணர்ந்த மகள் அவள்.

ஓர் எழுத்தாளர் பங்குகொண்ட இரு படைப்புகளில், ஓராண்டு இடைவெளியில், ஒரே நிலைமை இருவேறு முடிவு பெற்றுள்ளது. பிலோமிக்குத் தாயின் உறவு பரிவின் வாயிலாயிற்று. மஞ்சுவுக்கோ அது ஆறாப் புண்ணாயிற்று. நாவல் ஒருவர் ஆக்கம். படம் பலர் கூடிய ஆக்கம். ஆதலின் இவ்வேறுபாட்டை எவர் ஒருவர்மீதும் சாற்றுதல் முறையன்று. வேறுபாடு உளதென்பதே ஈண்டு வேண்டப்படுவது.

தலைப்பும் தீர்ப்பும்

‘அவள் அப்படித்தான்’ என்னும் தொடர் ஊரார் வாய்மொழி. ஒரு பெண்ணை ஆராயாது ஒதுக்குதற்குப் பயன்படும் எளிய தீர்ப்பு. அத்தீர்ப்பு பொய் எனக் காட்டுவதே படத்தின் வேலை. மஞ்சு ஏன் அப்படி ஆனாள் எனக் காரணம் தேடிச் செல்கின்றது படம். தேடிச் சென்று தாயிடம் வந்து நிற்கின்றது. அங்கே ஏன் என்று கேட்கவில்லை. அவள் கணவனிடம் எதனைக் காணாது வருந்தினாள்? அவ்வருத்தத்தைச் சொல்ல அவளுக்கு யார் இருந்தார்? இவற்றுக்கு விடை இல்லை, வினாவும் இல்லை. மகளைக் குறித்து ஊர் கூறுவதைத் தாயைக் குறித்துப் படமே கூறிவிட்டது.

இது மஞ்சுவின் கதை, தாயின் கதையன்று. ஆதலால் இக்குறை குறையாகாது என்பார் கூற்றும் உண்டு. மஞ்சுவின் நினைவு வழியே காட்டப்படுதலின், ஒரு சிறுமி கண்ட அளவே தாய் தோன்றுதல் இயல்பு என்றும் அவர் கூறலாம். இவ்வாதத்திற் பாதி உண்மை உண்டு. சிறுமியின் கண் தாயின் நெஞ்சைக் காணாது. ஆனால் மஞ்சு இன்று சிறுமி அல்லள். அவளும் காதலித்து ஏமாந்தவள். ஊரின் பழியைச் சுமப்பவள். தன்மீது வீசப்படும் சொல்லே தாய்மீதும் வீசப்பட்டிருக்கும் என்று ஒரு முறையேனும் அவள் எண்ணியிருப்பாளாயின், படத்தின் நெஞ்சம் இரு மடங்கு விரிந்திருக்கும்.

இறுதிக் காட்சி இதனை இன்னும் தெளிவாக்கும். காரில் அருணும் அவன் புதுமனைவியும் உடன்வர, பெண் விடுதலை பற்றி அவள் என்ன நினைக்கின்றாள் என மஞ்சு வினவுகின்றாள். தனக்குத் தெரியாது என்கின்றாள் அவள். அதனாலேயே அவள் மகிழ்ச்சியாக இருக்கின்றாள் என்பது மஞ்சுவின் மறுமொழி. இக்காட்சி பலராலும் போற்றப்படுவது. ஆயின் எம் உள்ளத்தில் எழுவது மற்றொரு வினா. இன்று எதுவும் அறியாத இப்புதுமனைவி, பத்தாண்டுகள் கழித்துத் தன் மணவாழ்வில் நிறைவு காணாதுபோவாளாயின் யாது செய்வாள்? அன்று அவளும் ஒருகால் மஞ்சுவின் தாயாகலாம். படம் அறியாமலே தன் தொடக்கத்திற்குத் திரும்பியுள்ளது.

முடிவுரை

‘அவள் அப்படித்தான்’ தமிழ்த் திரையில் பெண்ணுக்குக் கோபத்தை வழங்கிய படம். மஞ்சு என்னும் படைப்பு, ஊடலுக்கு அப்பாலும் பெண்ணுக்குக் கூற்று உண்டு என நாட்டியது. அதன் குறை, அக்கூற்றைத் தாய்க்கும் நீட்டாமையே. அக்குறை ஓர் இயக்குநரின் குறை மட்டுமன்று. ஈராயிரம் ஆண்டுகளாக நம் பொருளிலக்கணம் வகுக்காது விட்ட துறையின் நிழல் அது. அந்நிழலினின்று விலகும் வழியைக் ‘கடல்புரத்தில்’ முன்னரே காட்டியுள்ளது. ஆதலின் இப்படத்தைப் பாடமாகக் கொள்வோர் அந்நாவலையும் உடன்கொண்டு பயிலுதல் நன்று. மஞ்சுவை விளங்கிக்கொள்ளப் பிலோமி வேண்டும். பேசாத தாயை விளங்கிக்கொள்ள மரியம்மை வேண்டும்.