நடுகல் காட்டும் நெறி

தருமபுரி அரசு அகழ்வைப்பகத்துக்குச் சென்றவர்கள் அங்குள்ள நடுகற்களைக் கண்டிருப்பார்கள். ஆயுதம் ஏந்திய வீரனின் உருவமும், அதனருகே சில வரி எழுத்தும் கொண்ட கற்கள் அவை. அவன் போரிட்ட நிலையைச் சிற்பம் காட்டுகிறது. அவன் யார், எந்த மன்னனின் எத்தனையாவது ஆட்சியாண்டில், எதற்காக உயிர்துறந்தான் என்பதை எழுத்து கூறுகிறது. செங்கம் பகுதியைச் சேர்ந்த எடத்தனூரில், 7-ஆம் நூற்றாண்டில், மகேந்திரவர்மன் காலத்தில் எழுந்த நடுகல்லில் வீரனுடன் அவனது நாயும் இடம்பெற்றுள்ளது. கள்வரைக் கடித்துக் காவல் நின்ற அந்த நாயின் பெயரையும் பொறிக்க அக்காலத்தவர் மறக்கவில்லை. உருவமும் எழுத்தும் தத்தம் பணியைச் செய்ய, ஓர் எளிய உயிரின் நினைவு பதின்மூன்று நூற்றாண்டுகளைக் கடந்து நிற்கிறது.

இன்று படம், ஒலி, காணொளி, எழுத்து ஆகிய நான்கையும் இணைத்து இணையத்தில் கதை சொல்கிறார்கள். கருவிகள் பெருகிவிட்டன, கதை வளர்ந்ததா? நடுகல் தரும் அளவுகோலைக் கொண்டே இவ்வினாவை அணுகலாம்.

இத்துறையில் குறிப்பிடத்தக்க முயற்சி, இதழாளர் பி. சாய்நாத் 2014 டிசம்பரில் தொடங்கிய, 'பாரி' எனச் சுருக்கமாக அழைக்கப்பெறும் இணையக் காப்பகம். சிற்றூர் மக்களின் உழைப்பையும் வாழ்வையும் தமிழ் உட்படப் பல மொழிகளில் அது பதிவுசெய்துள்ளது. மராட்டியச் சிற்றூர்ப் பெண்கள் திரிகை அரைக்கும்போது பாடிய பாடல்களின் தொகுப்பை அது 2017 முதல் வெளியிட்டது. ஹேமா ரைர்கரும் கீ புவாத்வேனும் முன்னரே பல ஆண்டுகள் உழைத்துத் திரட்டிய இப்பாடல்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவை. இங்கே சொல்லைப் பாட்டின் எழுத்து வடிவம் தருகிறது. குரலின் களைப்பையும் குறும்பையும் ஒலிப்பதிவு தருகிறது. பாடியவரின் பெயரும் ஊரும் உடன் நிற்கின்றன. நாட்டுப்புறப் பாடல் என்றாலே 'யாரோ பாடியது' என ஒதுக்கிய நம் வழக்கத்துக்கு இது தக்க மறுமொழி.

ராமநாதபுரம் கடலோரத்தில் கடற்பாசி சேகரிக்கும் பெண்களைப் பற்றி எம். பழனிக்குமார் அக்காப்பகத்துக்காக அளித்த படங்களும் இவ்வகையின. அலைக்கடியில் மூழ்கிப் பணிசெய்யும் உடலை எத்தனை பக்க எழுத்தும் இவ்வளவு நேராகக் காட்டிவிட முடியாது. ஆயினும் அவர்களது கூலியையும் கடனையும் படம் சொல்லாது. அங்கே எழுத்து தன் பொறுப்பை ஏற்க வேண்டும்.

இம்முயற்சியின் குறையையும் கூறுதல் நேர்மை. கட்டுரைகள் பலவும் நீண்டவை. எழுத்தறியாத உழவர் திரையில் தம் முகத்தைக் காணலாம். தம்மைப் பற்றி என்ன எழுதப்பட்டுள்ளது என்பதைப் பிறர் வாசித்துச் சொன்னால்தான் அறிவார். யாருடைய கதையோ அவருக்கே அது எட்டாதெனில், அக்கதை பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. எழுத்தை வாசித்துப் பதிந்த ஓர் ஒலிவடிவம் ஒவ்வொரு கட்டுரையுடனும் இருப்பின் இவ்விடைவெளி பெரிதும் குறையும்.

இவ்வளவையும் நம் மாவட்டத்தின் துயர் ஒன்றோடு பொருத்திப் பார்ப்போம். தருமபுரி நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்துள்ள ஊர்கள் பல. குடிநீரில் அது லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்பது நாட்டின் வரையறை. வரம்பு மீறிய நீரைப் பருகி வளரும் குழந்தைகளின் பற்களில் பழுப்புக் கறை படிகிறது. நெடுங்காலம் பருகினால் எலும்பும் தாக்குண்ணும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கப்பட்டதன் நோக்கங்களுள் இப்பாதிப்பைக் குறைப்பதும் ஒன்று.

இக்கதையைச் சொல்ல முனையும் இளைஞர் எவரும் முதலில் நாடுவது ஒரு சிறுமியின் கறைபடிந்த பல்வரிசையைத்தான். அப்படம் காண்போரை உலுக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அது எவ்வளவு உண்மை பேசும்? பற்கள் உருவாகும் பருவத்தில் படிந்த கறை, பின்னர் நல்ல நீர் கிடைத்தாலும் தானாக மறைவதில்லை. ஆகவே நாற்பது வயதுடையவரின் பல், அவர் குழந்தைப் பருவத்தில் நீர் இறைத்த கிணற்றைப் பற்றியே சாட்சி கூறுகிறது. இன்றைய குழாயைப் பற்றி அன்று. ஊரும் ஆண்டும் குறிக்கப்படாத படம் பொய் சொல்லாமலே பொய்யாகிவிடும்.

இதனினும் பெரிது அச்சிறுமியின் எதிர்காலம். இணையத்தில் ஏறிய படம் எளிதில் அழிவதில்லை. திருமணப் பேச்சு எழும் வயதிலும், வேலை தேடும் நாளிலும் அது அவளைப் பின்தொடரும். நடுகல்லில் நின்ற வீரனைப் பெருமையோடு நினைவுகூர்ந்தார்கள். இவளை வாழ்நாளெல்லாம் ஒரு கறையாக நினைவுகூர வைப்பது எவ்வகை நீதி? அவள் முகத்தை விடுத்து, கிணற்றையும் நீர்ச் சோதனைச் சீட்டையும் காட்டலாம். அவள் தாய் இசைந்தால், அவர் குரலையே கேட்கச் செய்யலாம். முகம் தெரியாத குரலும் நெஞ்சைத் தொடும். நீரின் அளவைச் சொல்லும் எண் அதற்கு அரணாகும்.

அழுகுரலுக்குப் பின்னணி இசை சேர்த்து, கண்ணீரை அண்மைக் காட்சியாக்கும் காணொளிகள் இன்று மலிந்துள்ளன. இசையை நீக்கிவிட்டுக் கேளுங்கள். ஊரின் பெயரோ, ஆண்டோ, துயரின் காரணமோ அங்கே எஞ்சுகின்றனவா? எஞ்சவில்லையெனில், அங்கே ஒருவரின் துயர் பயன்படுத்தப்பட்டதேயன்றிச் சொல்லப்படவில்லை.

நம் பங்குகளில் கைப்பேசி இல்லாத இளைஞர் அரியர். தம் ஊர்க் கதையை அவர்கள் சொல்லட்டும். பதிவைத் தொடங்குமுன் பேசுபவரின் இசைவைக் கேட்கட்டும். வெளியிடுமுன் அவர் அருகில் அமர்ந்து, பதிந்ததை அவருக்கே ஒருமுறை போட்டுக் காட்டட்டும். 'இதை நீக்கிவிடு' என்று அவர் சொன்னால், அந்தப் பகுதி எத்தனை அழகாக அமைந்திருப்பினும் நீக்கட்டும்.